பறவைக் காய்ச்சல் செருப்பில் ஏறி வரும்: சின்னக் கோழிப்பண்ணைக்கு ஐந்து காவல் வேலைகள்

மார்கழி நெருங்கினால் போதும், ஆலப்புழை பக்கம் வாத்து சாகிறது என்று ஒரு செய்தி எட்டிப் பார்க்கும். கேரள எல்லையான வாளையாரில் சோதனைச் சாவடி போட்டு வண்டிகளுக்கு மருந்து அடிப்பார்கள், நாமக்கல்லில் முட்டை விலை ஆடும், ஐநூறு ஆயிரம் கோழி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். வலசை வரும் நீர்ப்பறவைகள் கிருமியைக் கொண்டுவருவது உண்மைதான். ஆனால் எந்த நாரையும் நேராக வந்து நம் கோழி மூக்கில் தும்முவதில்லை. குளத்தங்கரையில் விழுந்த எச்சத்தை மிதித்துக் கொட்டகைக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் நாமோ நம் வண்டியோதான். H5N1 என்ற பறவைக் காய்ச்சல் வகைக்குத் தடுப்பூசி போட நம் நாட்டில் இதுவரை அனுமதி இல்லை, அதனால் வாசலை அடைப்பது ஒன்றுதான் வழி. புதிதாகப் பண்ணை ஆரம்பித்தவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே செய்துகொண்டு வாருங்கள்.

1. முதலில் ஒரு கோடு

கொட்டகை வாசலுக்கு உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு பலகையைக் குறுக்கே அடியுங்கள். செங்கல் திட்டாக இருந்தாலும் சரி. வெளிச் செருப்பைப் பலகைக்கு இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, அங்கே இருக்கும் உள்செருப்பை மாட்ட வேண்டும். உள்செருப்பு ஒருபோதும் வெளியே வரக்கூடாது, வெளிச்செருப்பு உள்ளே போகக்கூடாது. உள்ளே போட ஒரு பழைய சட்டையும் லுங்கியும் அங்கேயே ஆணியில் தொங்கட்டும், கை கழுவ சோப்பும் அங்கேயே இருக்கட்டும்.

உள்ளே போகுமுன் செருப்பை நனைக்க வாசலில் மருந்துத் தொட்டி வைக்கச் சொல்வார்கள் எல்லோரும். நானும் இரண்டு வருடம் பெருமையாக வைத்திருந்தேன், ஒருநாள் வந்த கால்நடை மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு "கொசு நல்லா வளருதே" என்றார். சாணியும் மண்ணும் கலந்ததும் மருந்து செத்துவிடும், வெயில் பட்டால் ப்ளீச்சிங் பவுடரின் வீரியம் போய்விடும். தொட்டி வைப்பதென்றால் முதலில் பிரஷ் போட்டுச் செருப்பின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவிவிட்டு நனைக்க வேண்டும். 10 லிட்டருக்கு 300 கிராம் பவுடர், தினமும் புதிதாக, நிழலில். இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்குச் செருப்பு மாற்றுவதே மேல்.

மாமா வந்தாலும் மச்சான் வந்தாலும் கோடு கோடுதான். எனக்குப் பெரிய கஷ்டமே இதில்தான் வந்தது. இப்போது விருந்தாளிக்குக் கோழியைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டிவிடுகிறேன்.

2. தண்ணீர்

திறந்த தொட்டியில் காக்கை குளிக்கும், கொக்கு எச்சமிடும். மூடி போடுங்கள். குளத்து நீரை அப்படியே கோழிக்குக் காட்டாதீர்கள். கிருமி குளிர்ந்த நீரில் பல நாள் உயிரோடு இருக்கும். தெளிந்த நீராக இருந்தால் 1000 லிட்டருக்கு 10 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் போதும். தனியாகக் கரைத்துத் தெளிய வைத்து மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: குடிநீரில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து கொடுக்கும் நாட்களில் குளோரின் கூடாது. அது தடுப்பு மருந்தையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

3. வாத்து, கொக்கு, சண்டைச் சேவல்

கம்பிவலையில் ஓட்டை இருந்தால் இன்றே தைத்துவிடுங்கள். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள், காக்கையை அழைப்பதே அதுதான்.

வாத்தையும் கோழியையும் ஒரே இடத்தில் வளர்க்காதீர்கள். வாத்து பல நேரம் நோய் தெரியாமலேயே கிருமியைச் சுமக்கும், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சல் வாத்துப் பட்டி இறங்கியிருந்தால் அந்த வரப்பு வழியாகப் பண்ணைக்கு வரவேண்டாம், சுற்றிக்கொண்டு வாருங்கள். பெரிய லேயர் (முட்டைக்கோழி) பண்ணைகளில் வேலையாட்கள் வீட்டில் கோழி வளர்க்கக்கூடாது என்று நிபந்தனை போடுவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பிறகுதான் யோசித்தேன், என்னிடம் வேலைக்கு வரும் பையன் வீட்டில் நாலு சேவல், அதை ஊர் ஊராகச் சண்டைக்குத் தூக்கிப் போகிறான், திரும்பி வந்து அதே கையோடு என் கோழிக்குத் தீவனம் போடுகிறான்!

4. வண்டி, அட்டை, கூண்டு

தீவன வண்டி கேட்டுக்கு வெளியேயே நிற்கட்டும், மூட்டையை நாமே உள்ளே தூக்கிப் போகலாம். காகித முட்டை அட்டை திரும்பி வரக்கூடாது, அதைக் கழுவ வழியில்லை. பிளாஸ்டிக் அட்டை என்றால் கழுவி, மருந்தில் முக்கி, வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே எடுங்கள். கோழி பிடிக்க வருபவரின் கூண்டு காலையில் வேறு எந்தப் பண்ணையில் இருந்ததோ, யாருக்குத் தெரியும். அது கோட்டுக்கு வெளியேதான். சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திரும்பிய கோழியை மறுபடி கூட்டத்தில் விடாதீர்கள். முடிந்தவரை ஒரு பேட்ச் முழுவதும் வெளியே போய், எரு அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, அப்புறம் அடுத்த குஞ்சு.

5. திடீரென்று செத்தால்

தினமும் சாவு எண்ணிக்கையையும் முட்டை எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அப்போதுதான் மாற்றம் கண்ணில் படும். ஒன்றிரண்டு நாளில் கொத்துக்கொத்தாகச் சாவு, கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரிப்பது, காலில் சிவப்புத் திட்டு, ஓடில்லாத தோல்முட்டை, முட்டை திடீரென்று குறைவது, இதெல்லாம் தெரிந்தால் வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி போபாலில் உள்ள ஆய்வகம் வரை போய்த்தான் உறுதியாகும். அதனால் அறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, எந்தக் கோழியையும் முட்டையையும் வெளியே அனுப்பாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லிவிடுங்கள்.

சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களே என்று பயந்து, மிச்சக் கோழியை ராத்திரியோடு ராத்திரியாகப் பாதி விலைக்குத் தள்ளுபவர்கள் உண்டு. நோய் உறுதியானால் 1 கி.மீ. சுற்றளவில் அழிப்பார்கள், 10 கி.மீ. வரை கண்காணிப்பார்கள், அதிகாரிகள் அழிக்கும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. விற்றுத் தள்ளினால் அந்த வட்டம் நம் ஊரோடு நிற்காது, கோழி வாங்கியவன் ஊரிலும் ஒன்று போடுவார்கள். செத்ததை வாய்க்காலில் வீசுவதும் அப்படித்தான், நாய் இழுத்துக்கொண்டு போய் அடுத்த பண்ணை வாசலில் போடும். டாக்டர் வரும்வரை செத்தவற்றைத் தடித்த பையில் கட்டி, நாய் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்; குழி எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை அவர் வந்து காட்டுவார்.