பத்திரத்தில் ‘சுகஜீவனம்’ என்று இருந்தால்

வம்சாவளி தேடும்போது கிடைத்த எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரத்தில், பெயரையும் தகப்பனார் பெயரையும் அடுத்து ‘சுகஜீவனம்’ என்று எழுதியிருந்தது. வேலைக்கே போகாமல் சுகமாகக் காலம் தள்ளியவர் போல என்று அப்பா வருத்தப்பட்டார். அப்படி இல்லை. சொந்தச் சொத்தின் வருமானத்தில் பிழைத்தவர்களைப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அப்படியானால் வேறு நிலமும் இருந்திருக்கும் அல்லவா? சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி தேடச் சொன்னதே அந்த ஒரு சொல்தான்.

முன்னோரின் தொழிலைக் குறிக்கும் சொல் கிடைத்தால் முதலில் அதை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஊரும் வருஷமும். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதியைப் பாருங்கள். இணையத்திலேயே தேடலாம். ‘ஜ’வில் கிடைக்காவிட்டால் ‘ச’வில் தேடுங்கள். குமாஸ்தா, சிரஸ்தார், அமீனா போன்றவை பாரசீகம், அரபி வழியாக வந்த சொற்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் எழுத்து முன்பின்னாகத்தான் இருக்கும்.

அகராதிப் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். பாட்டியின் அண்ணன் இலங்கையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார் என்பார்கள். நான் அவரைக் கணக்கு எழுதியவராகவே நினைத்துத் தேடினேன். நம் ஊரில் அது சரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் மலையில் நின்று தொழிலாளர்களை மேற்பார்வை பார்ப்பவர். கங்காணி என்று இருந்தால் இன்னும் நல்லது. கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர், உறவிலிருந்தே ஆள் திரட்டிப் போனவர்கள். அதே தோட்டத்தில் உங்கள் ஊர்க்காரர் வேறு யாராவது இருந்தார்களா என்றும் பாருங்கள்.

கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) விஷயத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பல ஊர்களில் இவை பரம்பரையாக வந்த பதவிகள். தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தன, பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதும் நம் வழக்கம். பெயரும் ஒன்று, பதவியும் ஒன்று என்றால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். தகப்பனார் பெயரைப் பார்க்காமல் இரண்டு பத்திரங்களை ஒருவருடையதென்று சேர்க்காதீர்கள்.

சாதிப் பெயரை வைத்துத் தொழிலை முடிவு செய்வதும் தப்பு. அந்தத் தொழிலை விட்டு இரண்டு தலைமுறை ஆகியிருக்கலாம்.

தலையாரி (ஊர்க் காவலர்), வெட்டியான், நீர்க்கட்டி (வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்) போன்ற ஊர் ஊழியர்கள் கிரயப் பத்திரங்களில் அபூர்வம். அவர்களுக்குக் கூலி நெல்லாகவும், ஊழியத்துக்காக விட்ட மானிய நிலமாகவும் போனது. இப்படிப்பட்ட மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளில் மானியம் யார் பெயரில், எந்த ஊழியத்துக்கு என்று இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ‘தலையாரி மானியம்’ என்று ஊரில் இன்றும் ஒரு வயலுக்குப் பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களிடம் “அவர் என்ன தொழில் செய்தார்?” என்று கேட்டால் “விவசாயம்” என்று முடித்துவிடுவார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவார், கையில் என்ன எடுத்துப்போவார், கூலி நெல்லா காசா என்று கேளுங்கள். அம்மா வழிப் பாட்டி ஒருவரிடம் இப்படிக் கேட்டேன். “ராத்திரியில் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாக மடைக்குப் போவார், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள்” என்றார். எந்தத் தாளிலும் இல்லாத ஒரு நீர்க்கட்டி அன்றைக்குத்தான் எங்கள் வம்சாவளியில் சேர்ந்தார்.