சியாட்டில் கலைஞர்களுக்குச் சிங்கப்பூரில் நினைவுக்கூடல் நடத்துவது எப்படி

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான கிரஞ்ச் என்ற கனத்த ராக் இசையின் கலைஞர்களுக்காக ஒரு நினைவுக்கூடல் நடத்த விரும்புவோர் இடத்தையும் தேதியையும் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பு, யாருக்காகக் கூடுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் யோசிக்காமலே நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் என்று சொல்லிவிடுவார்கள். 1994 ஏப்ரல் 5ஆம் தேதி, தமது 27ஆம் வயதில் அவர் இறந்து, மூன்று நாள் கழித்து அச்செய்தி உலகெங்கும் பரவியபோது இங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு அந்த இசையின் வாசலே அவர்தான் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அவரோடு மட்டும் நின்றுவிடும் கூடல், கிரஞ்ச் என்றால் பொன்னிற முடி கொண்ட ஒரு வெள்ளை இளைஞர் என்ற பழைய சித்திரத்துக்கு இன்னொரு முறை மாலை போடுவதாகத்தான் முடியும். ஆகவே மூவரை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாரும் அழுத ஒருவர், அழ ஆளில்லாமல் போன ஒருவர், நண்பரை இழந்து இன்றும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவர்.

முதலாமவராகக் கோபேனையோ, 2017 மே 18 அன்று டெட்ராய்ட்டில் இறந்த சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னலையோ வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவர் டீனா பெல். சியாட்டிலில் 1983இல் தொடங்கிய பேம் பேம் குழுவின் பாடகியான இவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அந்த நகரத்து இசைக்குக் கிரஞ்ச் என்ற பெயர் நிலைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதே கனத்த கித்தார் ஒலியின் மேல் பாடியவர். பின்னாளில் சவுண்ட்கார்டனிலும் பேர்ல் ஜாமிலும் டிரம்ஸ் வாசித்த மேட் கேமரன் தொடக்கத்தில் இவருடைய குழுவில்தான் இருந்தார். 2012இல் லாஸ் வேகாஸில் டீனா பெல் இறந்தபோது இசையுலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் அவருக்குரிய இடத்தைச் சிலர் எழுதியும் பேசியும் மீட்டு வருகிறார்கள். சியாட்டில் உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பதையும், 1942இல் அங்கே பிறந்த அந்தக் கறுப்பினக் கலைஞர் அருகிலுள்ள ரென்டன் நகரில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதையும் நினைத்துப் பார்த்தால், டீனா பெல்லுக்கு நேர்ந்த மறதி எவ்வளவு விசித்திரமானது என்பது புரியும்.

மூன்றாமவர் கிம் தயில். சவுண்ட்கார்டனை 1984இல் கார்னலோடும், ஜப்பானிய வம்சாவளியினரான ஹிரோ யமமோட்டோவோடும் சேர்ந்து தொடங்கிய இந்தக் கித்தார் கலைஞரின் பெற்றோர் கேரளத்திலிருந்து அமெரிக்கா சென்றவர்கள். இந்தத் தகவலைச் சொன்ன உடனே கூட்டத்தில் மூத்தவர் யாராவது, “அப்போ நம்ம ஆளா தம்பி?” என்று கேட்பார், கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலையாளியையும் தமிழரையும் இந்தியர் என்ற ஒரே இனப் பிரிவில் சேர்க்கும் ஊரில் அந்தக் கேள்வி இயல்பானதே. “அவங்க குடும்பம் கேரளா, அங்கிள், அவர் பிறந்தது சியாட்டில்” என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். தயிலை நம்மவராக்கிக் கொண்டாடுவதும், இசைக்கு இனமே இல்லை என்று சொல்லி டீனா பெல்லின் நிறத்தைப் பேசாமல் விடுவதும் ஒரே வகையான சோம்பல் என்பது என் கருத்து. யார் எங்கிருந்து வந்தார், யாரோடு வாசித்தார், அவர் போனபோது யார் வந்து நின்றார் என்பதை உள்ளபடி சொன்னாலே போதும். கார்னலின் இறுதிச் சடங்கில் அவரைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர், அவரோடு ஆடியோஸ்லேவ் குழுவில் வாசித்த டாம் மொரெல்லோ. மொரெல்லோவின் தந்தை கென்ய நாட்டவர். இப்படிப்பட்ட ஒரு செய்தி பத்து நிமிட ஒற்றுமைச் சொற்பொழிவை மிச்சப்படுத்தும்.

இடத்தைப் பொறுத்தவரை, இருபது பேருக்குள் என்றால் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையே போதும். அதற்கு மேல் என்றால் சமூக மன்றத்தில் ஓர் அறையை முன்பதிவு செய்யலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்த நகர மன்றத்தின் அனுமதி தேவை என்பதோடு, இந்த இசையை அங்கே உரிய சத்தத்தில் வைக்கவும் முடியாது. நுழைவுச்சீட்டு விற்றோ பொதுவில் விளம்பரம் செய்தோ நடத்துவதானால் நிகழ்ச்சி உரிமம் பற்றியும், பாடல்களுக்கான உரிமைக் கட்டணம் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கே நடத்தினாலும் இரவு 10 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. உணவு ஹலால் கடையிலிருந்து வரட்டும், சைவமும் இருக்கட்டும்.

அழைப்பவர்களில் மலாய், சீன, யூரேசிய நண்பர்களும் இருப்பார்கள் என்றால், துக்கம் காக்கும் முறையில் நமக்குள் இருக்கும் வேறுபாட்டை முன்பே யோசித்து வைக்க வேண்டும். நாம் பழக்கத்தால் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்திவிடுவோம். முஸ்லிம் நண்பர் மறுப்புச் சொல்லமாட்டார், ஆனால் சற்று ஒதுங்கி நிற்பார். படத்தை மட்டும் வைத்து, அருகில் பூக்களை வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை. சீனர்களின் துக்க வீட்டில் வேர்க்கடலை கொறித்தபடி இரவெல்லாம் விழித்திருந்து பேசுவதும், சீட்டாடுவதும் வழக்கம். மலாய் முஸ்லிம் குடும்பங்களில் அடக்கம் விரைவில் முடிந்துவிடும், ஓலமிட்டு அழுவது விரும்பப்படுவதில்லை. நம்மிடமோ மாரடித்துப் பாடும் ஒப்பாரி இருக்கிறது. ஆகவே ஒருவர் சிரித்துப் பேசுவதை அவமரியாதையாகவும், இன்னொருவர் உரக்க அழுவதை நாடகமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தொகுப்பாளர் முதலில் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

பாடல்களின் வரிசைதான் இதில் அதிக உழைப்பைக் கேட்கும். கோபேனைத் தேர்ந்திருந்தால், 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான அவருடைய மென்கருவி நிகழ்ச்சியின் (எம்டிவி அன்பிளக்ட்) கடைசிப் பாட்டை வையுங்கள். ஆனால் அதற்கு முன்பு, அதே பாட்டை லெட் பெல்லி பாடி 1940களில் பதிவான வடிவத்தை முழுமையாகக் கேளுங்கள். லூசியானாவில் பிறந்து 1949இல் மறைந்த இந்தக் கறுப்பினப் பாடகரைத் தமக்கு மிகவும் பிடித்த கலைஞர் என்று கோபேன் அந்த மேடையிலேயே அறிவித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, யாரிடமிருந்து யார் எதைப் பெற்றார் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

பின்னர் சவுண்ட்கார்டன். வந்திருப்பவர்களில் கித்தார் வாசிப்பவர் ஒருவரை, தடித்த தந்தியை ஈ சுருதியிலிருந்து டி சுருதிக்கு எல்லாருடைய கண்முன்னே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தந்தி தளர்ந்து, கட்டைமேல் லேசாக அதிரும். ஒரே விரலைக் கீழ்ச்சுருதித் தந்திகள் மூன்றின் குறுக்கே வைத்தால் முழு அழுத்தமும் வந்துவிடும். ஒலிபெருக்கி கொஞ்சம் பெரிதாக இருந்தால் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பைகளும் சேர்ந்து அதிரும். அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பது இசை தெரியாதவருக்கும் அப்போது விளங்கும். அடுத்ததாக, 1994இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற அவர்களுடைய ஸ்பூன்மேன் என்ற பாட்டு இருக்கிறது. சியாட்டில் தெருக்கலைஞர் ஒருவர் வெறும் கரண்டிகளைத் தட்டி வாசித்திருக்கும் அந்தப் பாட்டின் முதன்மைப் பகுதி ஏழு எண்ணிக்கையில் நடப்பது. மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் யாராவது இருந்தால், மிஸ்ர சாபுவின் தகிட தகதிமி அதில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்று தொடையில் தட்டித் தேடட்டும். தாத்தா பாட்டிகள்கூட இந்தக் கட்டத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்காக, இது நம் தாளத்திலிருந்து போனது என்று யாரும் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு வரை எண்ணுவதற்கு எவருக்கும் காப்புரிமை இல்லை.

துக்கத்தையே காரணமாகக் கொண்டு பிறந்த ஓர் இசைத்தொகுப்பும் வரிசையில் இருக்க வேண்டும். 1990 மார்ச் 19 அன்று மதர் லவ் போன் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் இறந்தபோது, முன்பு அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கார்னல் அந்த இழப்பை முன்னிட்டுப் பாடல்கள் எழுதி, வுட்டின் சக கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு டெம்பிள் ஆஃப் தி டாக் என்ற குழுவை அமைத்தார். தொகுப்பு 1991இல் வெளிவந்தது. அதிலிருந்து ஒரே ஒரு பாட்டு போதும். டீனா பெல்லின் குரலை எந்த இடத்தில் வைப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன், கடைசியில் மட்டும் வேண்டாம். அதற்குள் பாதிப் பேர் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள்.

மரணத்தைப் பற்றிப் பேசுவதில் மிகுந்த கவனம் தேவை. கோபேனும் கார்னலும் தற்கொலையால் இறந்தவர்கள். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 தொடங்கும்வரை சட்டப்படி குற்றமாக இருந்ததால், பல குடும்பங்கள் அதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்துவிட்டன. கூடலுக்கு வருபவர்களில் அப்படி ஒரு வீட்டைச் சேர்ந்தவரும் இருக்கக்கூடும். எப்படி இறந்தார் என்ற விவரமும், இறுதிக் கடிதத்தின் வரிகளும், மேதைகள் இளமையிலேயே போய்விடுவார்கள் என்ற பேச்சும் வேண்டாம். அவர் என்ன செய்தார், யாருக்கு என்னவாக இருந்தார் என்பதைப் பேசுங்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 1767ஐ அழைப்பிதழிலும், அறை வாசலில் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

பேச விரும்புவோருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் போதும், எந்த மொழியிலும் பேசலாம், பக்கத்தில் இருப்பவர் மொழிபெயர்க்கலாம். “இந்த இசை உங்களிடம் எப்படி வந்தது?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டால், பதில்கள் தாமாகவே இந்த ஊருக்கு வந்துசேரும். ஒருவர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் சட்டை வாங்கியதைச் சொல்வார். ஒருவர் மலாய் ராக் பாடகர் ராம்லி சாரிப்பைக் கேட்டு வளர்ந்த அண்ணன் கொடுத்த கேசட்டைச் சொல்வார். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் கலைக்கூடம் இருந்த காலத்தில் அதன் தோட்டத்தில் பார்த்த நிகழ்ச்சிகளையும், 1992இல் இங்கே தொடங்கி வேதங்களை மெட்டல் இசையில் பாடிவரும் ருத்ரா குழுவையும் யாராவது நினைவுகூர்வார்கள். இவற்றை ஒலிப்பதிவு செய்துகொள்ள முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

கலைவதற்கு முன்பு அடுத்த கூடல் யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலாய் நண்பரோ சீன நண்பரோ எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் பெயரைச் சொன்னால், தொகுக்கும் பொறுப்பை முழுவதுமாக அவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் தேர்ந்தெடுக்கும் பாடல்கள் நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியவையாக இருக்காது. அவரே கேட்டாலொழிய மாற்றச் சொல்லாதீர்கள்.