உப்புக்காற்றுக்குத் தாங்குகிற டார்ச்

பாம்பன், மண்டபம் பக்கம் டார்ச் வாங்குகிறவர்கள் சார்ஜ் போடும் வகையை மட்டும் நம்ப வேண்டாம். புயல் வந்து இரண்டு நாள் கரண்டு போனால் அது வெறும் பிளாஸ்டிக். பெட்டிக்கடையிலும் கிடைக்கிற 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச் போதும். ஒரே பட்டன்; மின்னி மின்னி எரியும் பத்து மோடு எதற்கு?

இங்கே டார்ச்சுக்கு எமன் உப்புக்காற்றுதான். ஸ்பிரிங் துருப்பிடித்தால் புது பேட்டரி போட்டாலும் எரியாது. மூடியைத் திருகி, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிஎக்ஸ்7 (தண்ணீர் புகாமல் தாங்குவதற்கான தரக் குறியீடு) என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். அது நல்ல தண்ணீர்க் கணக்கு. கடலில் விழுந்தால் எடுத்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அப்புறம், சும்மா கிடக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அது ஒழுகித்தான் என் பழைய டார்ச் போனது.