பெரிய படத்தை ஃபிரேம் போடுமுன்: தாளில் செய்யக்கூடாத தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் கட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு. புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள், பத்துமலைத் தைப்பூசத்தில் எடுத்த காவடிப் படத்தை 24-க்கு 36 அங்குலத்தில் கேட்டு வருவார்கள். என்ன தாள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அண்ணே, நல்லா பளபளன்னு இருக்கணும்." நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான், அதனால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

படம் தெளிவாக வருமா, ஓரம் வெட்டுப்படுமா என்பதையெல்லாம் எந்தக் கடையிலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விடுவோம்.

பளபளப்புத் தாளைக் கண்ணாடியோடு அழுத்தி வைப்பது

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். லேப்பில் கழுவித் தரும் படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின். அது ஈரத்தை இழுத்து இளகும். இளகியது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இடையில் காற்றுப் போக வழி இல்லாவிட்டால் சில வருடங்களில் படமும் கண்ணாடியும் ஒன்றாகிவிடும்.

கிள்ளானிலிருந்து ஓர் அக்கா தன் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைக் கொண்டு வந்தார். ஃபிரேமில் கறையான் ஏறியிருந்தது, மாற்ற வேண்டும். வீட்டிலேயே கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மூலையைப் பிடித்து இழுத்ததும் அப்பாவின் இடது கன்னமும் மாலையில் பாதியும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. தாளில் வெள்ளைத் திட்டுதான் மிச்சம். நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. முதலில் ஃபிரேம் போட்டவர் நடுவில் ஒரு மவுண்ட், அதாவது கண்ணாடி படத்தைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் தடித்த அட்டைச் சட்டம், வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மவுண்டுக்கு எத்தனை வெள்ளி ஆகிவிடும்? அதை மிச்சம் பிடிக்கச் சொல்லும் வாடிக்கையாளர்மீதும் கோபம், சரி என்று தலையாட்டும் கடைக்காரர்மீது அதைவிடக் கோபம்.

மையைத் தெளித்து அச்சிடும் இன்க்ஜெட்டில், பூச்சில் நுண்ணிய துளைகள் உள்ள நுண்துளைத் தாள் என்று ஒரு வகை உண்டு. அதில் இந்த ஆபத்து குறைவு. ஆனாலும் கண்ணாடி தொட்ட இடமெல்லாம் தண்ணீர் பட்டதுபோலத் திட்டுத் திட்டாகத் தெரியும். எந்தத் தாளானாலும் மவுண்ட் போர்டு வையுங்கள். படம் ஓரம்வரை தெரிய வேண்டுமென்றால் ஃபிரேமின் உள்விளிம்பில் ஸ்பேசர் (படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் மெல்லிய பட்டை) கேளுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரத்துணி, ஹேர் டிரையர், பிளேடு எதுவும் வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே வைத்து, இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வெளிச்சம் கொடுத்து நல்ல கேமராவில் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து புதிதாகப் பிரிண்ட் போடலாம்.

அது போக, கண்ணாடி தானே மினுங்கும். அதற்கு உள்ளேயும் ஒரு மினுக்கம் எதற்கு? ஹாலில் டியூப் லைட்டைப் போட்டால் சாமி முகத்துக்குப் பதில் விளக்குத்தான் தெரியும். கண்ணாடிக்குள் போகிற படத்துக்கு லஸ்டர் (லேசான மினுக்கம்) அல்லது மேட் (மினுக்கமே இல்லாதது) தாள் போதும். மேட்டில் கறுப்பு கொஞ்சம் வெளிறும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடிக்குள் போய்விட்டால் அந்த வித்தியாசம் பெரிதாகக் கண்ணில் படாது. காசு இருந்தால் சதுர மீட்டருக்கு 300 கிராமை ஒட்டிய எடையுள்ள பருத்தித் தாள் எடுங்கள். தோல் நிறம் அதில் இதமாக வரும்.

மெல்லிய தாள்

ஏ2 அளவை (ஏறத்தாழ 16½-க்கு 23½ அங்குலம்) தாண்டினால் 240 கிராமுக்குக் கீழே இறங்காதீர்கள்.

நாலு பக்கமும் டேப் ஒட்டுவது

மழைநாளில் தாள் விரியும், ஏர்கோன் போட்டால் சுருங்கும். நாலு பக்கமும் பிடித்துவைத்தால் நடுவில் அலை அலையாக எழும்பும். மேல் ஓரத்தில் மட்டும் அமிலமில்லாத டேப்பால் தொங்கவிடுங்கள்.

கண்ணைப் பறிக்கும் வெள்ளை

வேட்டி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மிக வெள்ளையான தாளைக் கேட்பார்கள். அந்த வெண்மை பெரும்பாலும் தாளில் சேர்த்த ஒளிரூட்டியால், அதாவது தாளை வெள்ளையாகக் காட்டும் ஒரு ரசாயனத்தால், வருவது. வெயில் படும் சுவரில் அது வேலையை நிறுத்திவிடும், தாள் மஞ்சளிக்கும். ஒளிரூட்டி இல்லாத தாள் கடையில் கொஞ்சம் பழுப்பாகத் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

இன்றே பிரிண்ட், இன்றே ஃபிரேம்

நாளைக்குக் காது குத்து, இன்றைக்கே வேண்டும் என்று வந்து நிற்பார்கள். லஸ்டர் தாளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. மை தொட்டதும் காய்ந்ததுபோல இருக்கும்; ஆனால் மையோடு சேர்ந்த கரைப்பான் மெல்லத்தான் வெளியேறும். அவசரமாக மூடினால் கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடித்ததுபோல மங்கும். சாதாரண வெள்ளைத் தாளை மேலே விரித்து ஒருநாளாவது விடுங்கள். அந்தத் தாள் நெளிந்திருந்தால் மாற்றி, இன்னொரு நாளும் விடுங்கள்.

சாமி அறையில் கேன்வஸ்

வேண்டாம். சாம்பிராணிப் புகை நெசவுக்குள் இறங்கினால் துடைக்க வராது.

சோதனைத் துண்டு கேட்காமல் விடுவது

படத்தில் மிக இருட்டான பகுதியையும் ஒரு முகத்தையும் சேர்த்து, கைஅகலத் துண்டாக இரண்டு தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், படம் மாட்டப்போகும் அதே சுவரில், ராத்திரி விளக்கைப் போட்டுப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் பிடித்த தாள் வீட்டில் பிடிக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.