குளிர்கடலில் திமிங்கிலங்களோடு நீந்தச் செல்லும் திருகோணமலையாருக்கு

திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் படகில் இருந்து பார்த்துப் பழகியவர்கள், நோர்வேயில் உள்ள உறவினரிடம் செல்லும்போது ஓர்க்கா எனப்படும் கொலையாளித் திமிங்கிலங்களோடும் கூனல் திமிங்கிலங்களோடும் நீந்த ஆசைப்படுவது இயல்பே. ஹெரிங் மீன் கூட்டங்களைத் தேடி அவை நவம்பர் முதல் ஜனவரி வரை வட நோர்வேயின் துரொம்சோ நகருக்கு வடகிழக்கே ஷெர்வோய் தீவை அண்டிய ஒடுங்கிய குடாக்களுக்கு வருகின்றன. நவம்பர் மாத முற்பகுதியே நல்லது. மாத இறுதியில் இருந்து சூரியன் எழாததால் சில மணி நேர மங்கல் வெளிச்சமே கிடைக்கும்.

நமது கடல் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். அங்கே பத்துப் பாகைக்கும் குறைவு. இந்த வேறுபாட்டை நீச்சல் வலிமையால் ஈடுசெய்ய இயலாது. குளிர்நீர் தோலில் பட்டதும் மூச்சு தன்னிச்சையாக இழுபட்டு, ஓரிரு நிமிடங்களுக்குக் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். நீந்தத் தெரிந்தவர்கள் மூழ்குவதும் பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான். ஆகவே பழக வேண்டியது மூச்சையே. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்குமுன், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ முகமூடியும் சுவாசக் குழாயும் அணிந்து, கைகால் அசைக்காமல் குப்புற மிதந்து சீராக மூச்சுவிடப் பழகுங்கள். பிறகு வீட்டில் ஐஸ் கலந்த நீரில் முகத்தை அமிழ்த்தி அதே பயிற்சியைச் செய்யலாம். இதய நோயோ உயர் குருதி அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

டிரை சூட் எனப்படும் நீர் புகாத முழு உடையைப் பெரும்பாலும் படகுக்காரரே தருவார். அதன் உள்ளே அணிவது உங்கள் பொறுப்பு. கம்பளி உடை இரண்டு அடுக்கு போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால், பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள இறப்பர் பட்டியின் கீழ் ஒரு நூலோ தலைமுடியோ சிக்கினாலும் நீர் கசியும். இறங்குமுன் குந்தி இருந்து, கழுத்துப் பட்டியைச் சற்று விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள்.

படகோட்டி சைகை காட்டியதும் குதிக்காமல் வழுக்கியபடி இறங்குங்கள். ஓர்க்காவைத் துரத்தினால் அது எளிதில் விலகிவிடும். அசையாமல் மிதப்பவரின் அருகே சில வேளை தானாகவே வரும். மீன்கள் மேற்பரப்பில் துள்ளிக் கொதிக்கும் இடத்தை மட்டும் நெருங்காதீர்கள், ஏனெனில் கூனல் திமிங்கிலம் வாயைத் திறந்தபடி கீழிருந்து அங்கேயே எழும். பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியாத அளவுக்குக் கை விறைத்தால் உடனே படகேறுங்கள்.

ஏறியபின்னும் உடல் வெப்பம் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும். ஆதலால் சுடுநீரில் குளிக்க அவசரப்படாமல், ஈரத்தைத் துடைத்து, தொப்பியும் உலர்ந்த உடையும் அணிந்து, சீனி போட்ட சூடான தேநீரை மெதுவாகக் குடியுங்கள்.