கோத்தகிரி முற்றத்திலிருந்து ஆர்.எஸ்.-44: மலையில் இருப்பவர்களுக்கான செய்முறை

ஹாம் வானொலிச் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களின்) செயற்கைக்கோள் ஒன்றைக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது எஸ்.ஓ.-50. நான் அதைச் சொல்லமாட்டேன். யாராவது அதன் வழியாகப் பேசினால்தான் அது ஒலிக்கும். நம் தலைக்கு மேல் வரும்போது பேச ஆளில்லை என்றால், கோளாறு ஆன்டெனாவிலா, வானத்திலா என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

தொடக்கத்துக்கு ஆர்.எஸ்.-44 நல்லது. 2019 டிசம்பர் 26 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து கிளம்பியது. தன்னைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் மேலடுக்கோடு ஒட்டிக்கொண்டே இன்றும் சுற்றுகிறது. 435.605 மெகாஹெர்ட்ஸில் தன் பெயரை மோர்ஸில் சொல்லிக்கொண்டே போகும். சுமார் 1,200 முதல் 1,500 கி.மீ. உயரத்தில் இருப்பதால், உச்சி வழியாகக் கடக்க 20 நிமிடம் ஆகும். சர்வதேச விண்வெளி நிலையம் பத்து நிமிடத்தில் ஓடிவிடும். புதியவருக்கு அந்த அவகாசம் போதாது.

வாங்க வேண்டியது, செய்ய வேண்டியது

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறிய வானொலிப் பெட்டி) ஒன்று. டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பம் மாறினாலும் அதிகம் பிசகாத படிகம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இதில் சிக்கனம் வேண்டாம். மலிவு டாங்கிளின் படிகம் 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) பிசகினால், இந்த அதிர்வெண்ணில் அது 13 கிலோஹெர்ட்ஸ். செயற்கைக்கோளின் டாப்ளர் நகர்வே (அதன் வேகத்தால் அதிர்வெண் மாறித் தெரிவது) அந்த அளவுக்கு வராது. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் என்றால் டாங்கிளைச் செருகிக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு தேடுங்கள். சூடேறும் வரை அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆன்டெனாவுக்கு 16.5 செ.மீ. நீளத்தில் இரண்டு செப்புக் கம்பிகள் போதும். வீட்டு வயரிங் ஒயரை உரித்தாலே கிடைக்கும். ஒன்றைக் கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியிலும் மற்றதை வெளிப்பின்னலிலும் பற்றவைத்து, 120 பாகை விரித்து, பி.வி.சி. குழாயின் நுனியில் கட்டுங்கள். கேபிள் இரண்டு மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

கணினியில், செயற்கைக்கோள் எப்போது வரும் என்று சொல்ல ஜிபிரெடிக்ட், சிக்னலைக் கேட்க எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ்; கைபேசியில், அது எங்கே வருகிறது என்று பார்க்க லுக்ஃபோர்சாட். மூன்றும் இலவசம். ஜிபிரெடிக்ட் அழகாக இருக்காது, ஆனால் முற்றத்தில் நிற்கும்போது இணையம் போனாலும் அது கைவிடாது. சுற்றுப்பாதைத் தரவை முன்னதாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.-44 பறக்கும் உயரத்தில் காற்றின் இழுவை மிகக் குறைவு. வாரம் ஒரு முறை போதும். விண்வெளி நிலையத்துக்கு என்றால் தினமும் வேண்டும். நேரம் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) காட்டினால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடிவானத்தை அளங்கள்

நீலகிரியில் நான் அதிக நேரம் செலவழிக்கும் வேலை இது. சமவெளிக்காரர்கள் எழுதிய விளக்கங்களில் இது இருக்காது. செயலி 0 பாகையிலிருந்து கணக்குப் போட்டு "6.10-க்கு உதயம்" என்கிறது. வீட்டுக்குப் பின்னால் மேடு இருந்தால் உங்களுக்கு உதயம் பல நிமிடம் தள்ளித்தான்.

ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுங்கள். அதன் மையத்தில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு வழியாக மேட்டின் உச்சியைப் பாருங்கள். நூல் 90-இலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ, அதுதான் அந்தத் திசையில் உங்கள் அடிவானம். எட்டுத் திசைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். திசைகாட்டியைத் தகரக் கூரையை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். இரும்பு அதை இழுத்துவிடும்.

அளந்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேற்கே நிற்கும் தொட்டபெட்டாவை எல்லோரும் குறை சொல்வார்கள். 2,637 மீட்டர் உயரம் என்பது உண்மைதான். ஆனால் கோத்தகிரியிலிருந்து சுமார் 13 கி.மீ. தள்ளி இருப்பதால் அது மறைப்பது நான்கு பாகைகூட இல்லை. உண்மையான எதிரி, வீட்டுக்குப் பின்னால் உள்ள தேயிலைச் சரிவும் அதன் மேல் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக்கும். அவை 30 பாகையைச் சுலபமாக விழுங்கும். கிழக்கு விளிம்பில், கோடநாடு காட்சிமுனைப் பக்கம் நின்றால் நிலைமை தலைகீழ்: பார்வை கீழ்நோக்கி இறங்குவதால், தடையில்லாத திசையில் செயலி சொல்லும் நேரத்துக்குச் சற்று முன்பே கேட்கத் தொடங்கலாம்.

பூமியின் நடுக்கோட்டுக்கு இந்தச் செயற்கைக்கோளின் பாதைச் சாய்வு 82.5 பாகை. பெரும்பாலும் வடக்கு-தெற்காகத்தான் போகும். எனவே அந்த இரண்டு திசைகளும் திறந்திருக்கும் இடமாகத் தேடுங்கள். உச்ச உயரக் கோணம் 40-க்கு மேல் உள்ள கடப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது

சி.டபிள்யூ. (மோர்ஸ் கேட்கும்) முறையில் 435.613-க்குப் பக்கத்தில் தொடங்குங்கள். நெருங்கி வரும்போது 8 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே இருக்கும், உச்சியில் 435.605, போகும்போது அதே அளவு கீழே. வாட்டர்ஃபாலில் (சிக்னல்கள் கோடுகளாக ஓடும் திரைப்படத்தில்) விட்டுவிட்டுத் தெரியும் மெல்லிய கோடு ஒன்றைத் தேடுங்கள். அது இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். உச்சியைக் கடக்கும்போதுதான் நகர்வு வேகமாக இருக்கும். நகராமல் நேராக நிற்கும் கோடுகள் எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சல். டாப்ளர் திருத்தத்தைக் கணினியிடம் விடாதீர்கள். முதல் சில கடப்புகளில் அதிர்வெண்ணைக் கையால் மாற்றுங்கள், அப்போதுதான் காது பழகும்.

ஆன்டெனாக் கம்பியின் முனையை ஈட்டி போலச் செயற்கைக்கோளை நோக்கி நீட்டக்கூடாது. கம்பி வாங்குவது பக்கவாட்டிலிருந்துதான். சிக்னல் மங்கினால் மணிக்கட்டை மெல்லத் திருப்புங்கள், திரும்ப எழும்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தவர்கள், அது ஒரே அச்சில் சுழன்று வானத்தைப் பின்தொடர்வதை அறிந்திருப்பார்கள். 530 மீட்டர் நீளமுள்ள அதை அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கே, சுமார் 11 பாகை, சரிந்த மலைச்சரிவில் அமைத்ததால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. நம் செயற்கைக்கோளுக்கு அந்த வசதி இல்லை. திசையும் உயரமும் இரண்டுமே மாறும். அதனால்தான் ஆன்டெனாவைக் கையில் பிடித்துத் திருப்புகிறோம்.

பின்சேர்க்கை

மூடுபனியில் கேட்குமா என்று பலர் கேட்டார்கள். கேட்கும். இந்த அதிர்வெண்ணுக்கு மூடுபனி ஒரு பொருட்டே அல்ல. பற்றவைத்த இடத்தில் ஈரம் இறங்கினால்தான் தொல்லை. பசை கொண்டு மூடிவிடுங்கள்.

கூடலூர்ப் பக்கமிருந்து ஒருவர் எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தார். அன்று பீக்கனே (மோர்ஸில் பெயர் சொல்லும் சிக்னலே) அணைந்திருக்கலாம். கிளம்பும் முன் ஆம்சாட் (ஹாம் செயற்கைக்கோள் ஆர்வலர்களின் அமைப்பு) தளத்தின் நிலவரப் பக்கத்தில், உலகில் வேறு யாருக்காவது கேட்டதா என்று பாருங்கள்.

ஆர்.எஸ்.-44 வழியாகப் பேச விரும்பினால் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் உரிமம் வேண்டும். அந்தத் தேர்வைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.