எம்ஆர்ஏ படத்தில் வில்லிஸ் வட்டம் பார்ப்பது எப்படி?

"தம்பி, மூளைக்குப் போற நரம்பு சுருங்கிப் போச்சாமே?" குடியாத்தம், ஆரணி பக்கத்திலிருந்து வேலூருக்கு ஸ்கேன் எடுக்க வருபவர்கள், ரிப்போர்ட்டில் 'ஹைப்போபிளாஸ்டிக்' (குழாய் சிறுத்து வளர்ந்திருக்கிறது) என்று கண்டதும் இப்படித்தான் பதறுகிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் ரேடியாலஜி படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் படம் பார்க்கப் பழக வேண்டுமே.

மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து அமைக்கும் வளையம்தான் வில்லிஸ் வட்டம். ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ படம்தான் எம்ஆர்ஏ. அதில் பாடப்புத்தகத்து முழு வட்டத்தைத் தேடாதீர்கள். மருத்துவர் தாமஸ் வில்லிஸின் 1664-ஆம் வருடப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் ஒருவர், படம் அழகுதான். அந்த அமைப்பு அச்சு அசலாக உள்ளவர்கள் பாதிப் பேர்கூடத் தேறமாட்டார்கள்.

1. முதலில் பக்கம். வழக்கமான படத்தில் உங்கள் இடது கைப்புறம் இருப்பது நோயாளியின் வலது பக்கம். சுழற்றிய படங்களில் இது மாறும், படத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்தைப் (R வலது, L இடது) பாருங்கள்.

2. நான்கு குழாய்களைப் பிடியுங்கள். முன்னால் இரண்டு கரோட்டிட். பின்னால் இரண்டு வெர்டிப்ரல், அவை சேர்ந்து பேசிலார். வெர்டிப்ரல் இரண்டும் பலருக்கு ஒரே அளவில் இருக்காது. பெரும்பாலும் இடதுதான் பெரிது. ஒன்று மெலிந்திருந்தால் கீழிருந்து மேலே தொடர்ந்து பாருங்கள். நெடுக ஒரே சீராக மெல்லியதா? அநேகமாகப் பிறவி அமைப்பு. பாதியில் திடீரென ஒடுங்குகிறதா, ஓரம் கரடுமுரடா? நோயைச் சந்தேகியுங்கள். சிடி இருந்தால் இன்னும் நல்லது: கழுத்தெலும்பில் அந்தக் குழாய் நுழையும் துளையும் சிறிதாக இருந்தால் பிறவி என்பதற்கு அது நல்ல சான்று.

3. பின்பக்கம். மூளையின் பின்புறத் தமனி பேசிலாரிலிருந்து கிளம்ப வேண்டும். சிலருக்குக் கருவில் இருந்தபடியே கரோட்டிட்டிலிருந்து வரும். இதை ஃபீட்டல் வகை என்பார்கள். இரண்டு பக்கமும் அப்படியென்றால் பேசிலாரே ஒல்லியாகத் தெரியும். அதற்குச் சுமை குறைவு, அவ்வளவுதான். ஆனால் இவர்களுக்குக் கரோட்டிட்டிலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி பார்வைப் பகுதியையும் பாதிக்கலாம். அதனால் ரிப்போர்ட்டில் இது இடம்பெற வேண்டும்.

4. இணைப்புகள். வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் ஒரு சாலையை அடைத்தால் வண்டிகள் சுற்றிப் போவதுபோல, ஒரு குழாய் அடைத்தால் ரத்தம் வட்டத்தைச் சுற்றி வரும். இணைப்பு இல்லாவிட்டால் அந்த வழி இல்லை. முன்பக்கத்தில் ஏ1 (மூளையின் முன்புறத் தமனியின் முதல் பகுதி) ஒரு பக்கம் மெலிந்திருந்தால், மறுபக்கத்து ஏ1-தான் இரு பக்கத்துக்கும் ரத்தம் தருகிறது. அப்போது முன் இணைப்புத் தமனியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அனியூரிசம் எனப்படும் வீக்கம் இந்த அமைப்புள்ளவர்களுக்கு அங்கே அதிகம் காணப்படுகிறது.

5. 'இல்லை' என்று எழுதும் முன் நிதானம். 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இங்கே வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய காலத்தில், சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால்தான் இந்தக் குழாய்கள் தெரியும். இப்போது எம்ஆர்ஏவின் டைம் ஆஃப் ஃப்ளைட் முறைக்குச் சாயமே வேண்டாம். ஓடும் ரத்தம்தான் வெளிச்சமாகத் தெரிகிறது. ஓட்டம் மந்தமானால் இருக்கிற குழாயும் மறைந்துவிடும். தொகுத்த படத்தை மட்டும் நம்பாமல், மூலத் துண்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். அதிலும் காணவில்லை என்றால், 'படத்தில் தெரியவில்லை' என்றே குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.